படவேலையை ஒதுக்காதீர்கள்



புவியியல் வினாத்தாளில் இடவிளக்கப்படத்தைக் கண்டதும் பலர் தாளைப் புரட்டிவிடுகிறீர்கள். "தட்டையான தீவில் சமவுயரக்கோடு எதற்கு?" என்றும் கேட்கிறீர்கள்.

தட்டையான தீவுக்குத்தான் அளவீடு மிக அவசியம். நெடுந்தீவு, நயினாதீவு, ஊர்காவற்றுறை யாவும் சுண்ணக்கல் நிலங்கள்; ஆறுகள் இல்லை. நிலத்தடியில் உவர்நீரின் மேல் மழைநீர் வில்லைபோல் மிதக்கிறது. அளவுமீறி இறைத்தால் உவர்நீர் மேலெழும். நன்னீர்க் கிணறு கெடும். எந்தக் கிணறு கடலிலிருந்து எவ்வளவு தூரத்தில், எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பதைப் படமே காட்டும். 1:50,000 படத்தில் 2 சென்ரிமீற்றர் என்பது நிலத்தில் 1 கிலோமீற்றர்.

இது வெறும் புள்ளிக்கான பகுதியன்று. 1800இல் தொடங்கிய நில அளவைத் திணைக்களம் முதல் நீர்வழங்கல், வனசீவராசிகள் துறைகள் வரை களப்பணிக்கு இவ்வறிவே அடிப்படை. உயர்தரத்தில் புவியியல் கற்றோர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் அதனைத் தொடரலாம்.

வைத்தியர், பொறியியலாளர் மட்டுமே தொழில் என்பது தவறான எண்ணம். கிணறு உவராவதை முதலில் நாவால் அறிபவர்கள் நாமே. அதை அளந்து படத்தில் குறிப்பவரும் இத்தீவின் பிள்ளையாக இருக்க வேண்டாமா?

பயிற்சி: உங்கள் வீடு, கிணறு, குளம், இறங்குதுறை ஆகியவற்றை அளவுத்திட்டத்துடன் இன்றே வரையுங்கள்.