நம் வெயிலுக்கென ஒரு கார்

சிங்கப்பூரின் முதல் எல்ஆர்டி பாதை 1999 நவம்பரில் எங்கள் புக்கிட் பாஞ்சாங்கில் திறக்கப்பட்டது. ஓட்டுநர் இல்லாத அந்த ரயில், விமான நிலையங்களில் பயணிகளை ஏற்றிச் செல்லும் வகையைச் சேர்ந்தது. அதை மேடும் வளைவும் நிறைந்த குடியிருப்புப் பேட்டைக்குள் ஓடவிட்டார்கள். அடுத்த பல ஆண்டுகளுக்கு அதன் பழுதுகள் செய்தியாயின.

வேறோர் இடத்துக்காகச் செய்ததை நம் இடத்துக்குப் பொருத்துவது ஒரு வழி. நம் தேவையிலிருந்தே தொடங்குவது இன்னொரு வழி. இரண்டாவது வழியில் உருவானதுதான் ‘ஈவா’ என்ற சோதனை மின்சார டாக்சி. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் கைகோத்து இங்கு நடத்திய ‘டியூஎம் கிரியேட்’ ஆய்வுத் திட்டம் அதை வடிவமைத்தது. 2013 நவம்பரில் தோக்கியோ மோட்டார் கண்காட்சியில் அது அறிமுகம் கண்டது.

நாள் முழுதும் ஓடும் டாக்சி, மின்னூட்டத்துக்காக மணிக்கணக்கில் நிற்க முடியாது. அதனால் 15 நிமிட மின்னூட்டத்தில் 200 கிலோமீட்டர் ஓடும்படி ஈவாவை அமைத்தார்கள். நம் வெயிலில் குளிர்சாதனமே மின்கலத்தின் கணிசமான பங்கைத் தின்றுவிடும். அதனால் கார் முழுவதையும் குளிர்விக்காமல், ஒவ்வொரு பயணிக்கும் தலைக்கு மேலிருந்து தனித்தனியே குளிர்காற்று வரச் செய்தார்கள். குளிர்நாட்டுச் சாலைகளுக்காகக் கார் வடிவமைப்பவருக்கு இந்தக் கவலை முதலில் தோன்றாது.

ஈவா நம் டாக்சி நிறுத்தங்களுக்கு வரவே இல்லை. ‘அப்படியென்றால் வீண்தானே?’ என்று கேட்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. 2030 முதல் புதிதாகப் பதிவாகும் எல்லாக் கார்களும் தூய எரிசக்தியில் இயங்க வேண்டும். அதற்குள் 60,000 மின்னூட்ட முனைகள் என்பது அரசாங்கத்தின் இலக்கு. வீவக வாகன நிறுத்துமிடங்களில் மின்னூட்டிகள் வந்துவிட்டன. ஆனால் அங்கு நிற்கும் கார்கள் வேறு நாடுகளில் வடிவமைக்கப்பட்டவை. ஈவா எழுப்பிய கேள்விகள் இன்னும் நம்முடையவையே.

பல்கலைக்கழகத்திலும் பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் திட்டப்பணிக்குத் தலைப்புத் தேடும்போது ‘இது விலைபோகுமா?’ என்றுதான் முதலில் கேட்கிறோம். மதிப்பெண்ணும் பெரும்பாலும் முடிவுக்கே கிடைக்கிறது. கேள்வி எவ்வளவு பொருத்தமானது என்பதற்கும் மதிப்பெண் தரலாமே! நம் வெயில், நம் மழை, மின்தூக்கிக்குக் காத்திருக்கும் நம் முதியோர்: இவற்றிலிருந்து தொடங்கும் திட்டப்பணி கடைக்கு வராமல் போகலாம். ஆனால் அடுத்து வருபவர் தொடங்க ஓர் இடம் கிடைக்கும்.