போன் அப்பா கையில்... பாடம் யார் கையில்? கொரோனாவில் கிராமத்து பிள்ளைகளுக்கு கைகொடுத்த 'தெரு அக்கா'!

கொரோனாவால் 2020 மார்ச் மாதம் தமிழகத்தில் பள்ளிக்கூடங்கள் இழுத்து மூடப்பட்டன. 'வீட்டிலேயே ஆன்லைனில் படிங்க' என்றார்கள். டவுனில் சரி. கிராமத்தில் வீட்டுக்கு ஒரு போன். அதுவும் காலையில் அப்பாவோடு கொத்து வேலைக்கு போய்விடும். ராத்திரி திரும்பும்போது சார்ஜும் இருக்காது, டேட்டாவும் இருக்காது.

அரசு சும்மா இருக்கவில்லை. கல்வி தொலைக்காட்சியில் வகுப்பு வாரியாக பாடம் ஓடியது. பிளஸ்-2 மாணவ, மாணவிகளின் இலவச லேப்டாப்பில் பாட வீடியோக்களை பள்ளியிலேயே ஏற்றிக் கொடுத்தார்கள். நெட் எடுக்காத ஊருக்கு நல்ல யோசனைதான். ஆனால் டி.வி. பாடத்தின்போது கரண்ட் போனா போனதுதான். புரியலைன்னா டி.வி.யை பார்த்து கை தூக்க முடியுமா?

100-க்கு 8 பேர்

2021 ஆகஸ்டில் பொருளாதார நிபுணர் ஜீன் டிரேஸ் உள்ளிட்டோர் தமிழகம் உள்பட பல மாநிலங்களில் ஏழை வீட்டு பிள்ளைகளிடம் ஆய்வு நடத்தினார்கள். கிராமத்தில் ஒழுங்காக ஆன்லைனில் படித்தது 100-க்கு 8 பேர். 37 பேர் படிக்கவே இல்லை!

10, பிளஸ்-2 வகுப்புகள் 2021 ஜனவரி 19-ந் தேதி திறந்தன. வகுப்பறைக்கு 25 பேர்தான் என்று கட்டுப்பாடு. சின்னப் பிள்ளைகளுக்கோ 2021 நவம்பர் 1-ந் தேதிதான் கதவு திறந்தது. 2020-ல் ஒன்றாம் வகுப்பு சேர்ந்த குழந்தை முதன்முதலாக பெஞ்சில் உட்காரும்போது இரண்டாம் வகுப்பு! அ, ஆ-வே தகராறு.

தெருவில் வகுப்பு

பள்ளி திறப்பதற்கு சில நாள் முன்பு, அக்டோபர் 27-ந் தேதி, விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் 'இல்லம் தேடிக் கல்வி'யை தொடங்கி வைத்தார். பகலில் பள்ளிக்கூடம், சாயங்காலம் அதே தெருவில் படித்த அக்காவிடம் பாடம். ஒரு அக்காவுக்கு 20 பிள்ளைகள் வரை.

விஷயம் இங்கேதான் இருக்கிறது. 20 வீட்டில் 20 போன் தேவையில்லை, அக்கா கையில் ஒண்ணு போதும். பாடப்புத்தகத்தில் உள்ள கியூ.ஆர். கோடை ஸ்கேன் செய்தால் வீடியோ வரும். சுற்றி உட்கார்ந்து பார்க்கலாம், சந்தேகத்தை அங்கேயே கேட்கலாம். ஆன்லைனும் வகுப்பறையும் நிஜமாக கலந்தது அந்த தெருவில்தான்.

ஆனால் பள்ளி மூடி 19 மாதம் கழித்துத்தான் அது வந்தது. தொற்று குறைந்த மாதங்களிலாவது பிள்ளைகளை இடைவெளி விட்டு மரத்தடியில் உட்கார வைத்திருக்கலாம்.

அந்த அக்காக்களுக்கு அப்போது ஊக்கத்தொகை மாதம் 1,000 ரூபாய். கணக்கு போட்டால் நாளுக்கு 33 ரூபாய். ஒரு டீ, ரெண்டு வடைக்கு சரியாப் போச்சு. போனுக்கு ரீசார்ஜ் செய்ததும் அந்த காசில்தான்.