கண் போடும் கணக்கு

சில ஆண்டுகளுக்கு முன் எம் வகுப்பில் ஒரு பையன் மாவிலைக்குத் தவிட்டு நிறம் தீட்டி வைத்தான். பரிகாசம் செய்கிறான் என்றெண்ணி அவனைப் பெஞ்சின்மேல் நிறுத்தினோம். ஆனால், அதே படத்தில் வெயிலும் நிழலும் விழுந்திருந்த நயம் வேறெவனுக்கும் கைவரவில்லை. ஒளியை இவ்வளவு நுட்பமாகக் கண்டவன் நிறத்தில் மட்டும் ஏன் இடறினான்?

விழித்திரையில் ஒளியை ஏற்று நாம் காண உதவும் அணுக்கள் இரு வகையின. கோல் வடிவ அணுக்கள் மங்கிய ஒளியில் வேலை செய்வன. அவை நிறம் பிரித்தறியா. அந்தி சாய்ந்தபின் செம்பருத்தி கறுத்துத் தோன்றுவது அதனாலேயே. பகற்பொழுதுக்கு உரியவை கூம்பு வடிவ அணுக்கள்; ஒரு கண்ணில் சுமார் 60 லட்சம். ஒளியின் நீண்ட அலை, நடுத்தர அலை, குறுகிய அலை ஆகியவற்றுக்கு ஏற்ப இவை மூன்று வகைப்படும். இப்படி மூன்று இருத்தல் வேண்டுமென்று தாமஸ் யங் என்னும் ஆங்கில அறிஞர் 1802-லேயே ஊகித்தெழுதினார்.

ஆயினும், தனிக் கூம்பு ஒன்று ‘இது சிவப்பு’ என்று சொல்லவல்லதன்று. பிரகாசமான சிவப்பும் மங்கலான பச்சையும் அதற்கு ஒன்றாகவே படக்கூடும். ஒன்றோடொன்றை ஒப்பிட்டால்தான் நிறம் பிறக்கும். அந்தக் கணக்கு விழித்திரையிலேயே தொடங்கிவிடுகிறது என்பதை விஞ்ஞானிகள் மக்காக் குரங்கின் கண்ணில் விரிவாக ஆராய்ந்திருக்கின்றனர். நம் கோயில் மதில்களில் தாவும் குரங்கும் அவ்வினத்ததே. அதன் விழித்திரை மனிதருடையதைப் பெரிதும் ஒத்தது.

அங்கே, விரித்த குடைபோல் கிளை பரப்பிய நரம்பணுக்கள் நீண்ட அலைக் கூம்பு, நடுத்தர அலைக் கூம்பு இரண்டின் செய்திகளையும் கூட்டி, பிரகாசத்தையும் அசைவையும் விரைந்து அறிவிக்கின்றன. மிகச் சிறிய வேறு நரம்பணுக்களோ, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துச் சிவப்பையும் பச்சையையும் பிரித்துக் காட்டுகின்றன. நீலத்துக்கும் மஞ்சளுக்கும் தனிக் கணக்கன் ஒருவன் உண்டு. அவன் இன்ன அணுவென்று டேசி, லீ என்னும் இருவர் 1994-ல் எடுத்துக்காட்டினர். சுருங்கச் சொன்னால், கூட்டல் பிரகாசம், கழித்தல் நிறம்.

நேயர்கள் வீட்டிலேயே இதைப் பரீட்சிக்கலாம். வெள்ளைக் காகிதத்தில் குங்குமப் பொட்டிட்டு, அரை நிமிஷம் இமைக்காமல் நோக்குங்கள். பிறகு வெள்ளைச் சுவரைப் பாருங்கள். நீலம் பாய்ந்த பச்சைப் பொட்டொன்று மிதக்கும். சிவப்பின் பக்கம் தளரவே, கழித்தற்கணக்கு பச்சையின் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

எம் மாணவனுக்கு நேர்ந்ததும் இத்தகையதே. நீண்ட அலைக் கூம்பிலோ நடுத்தர அலைக் கூம்பிலோ ஒரு வகை இல்லாது போனால், கழிப்பதற்கு இரண்டாவது எண் கிடையாது. ஒளியையும் நிழலையும் காணும் வேலையோ நடந்துகொண்டேயிருக்கும். தாய் வழியாகப் புதல்வரைச் சேரும் குறை இது. ஐரோப்பிய வம்சத்து ஆண்களில் 100-க்குச் சுமார் 8 பேருக்குச் சிவப்பு, பச்சை பிரித்தறிவதில் ஏதேனும் ஓரளவு குறையுண்டு.

உண்மை தெரிந்தபின் அப்பையனை அழைத்து, எம் தவற்றை ஒப்புக்கொண்டோம். உங்கள் இல்லத்துப் பிள்ளையும் இலைக்குத் தவிட்டு நிறம் தீட்டினால், கடிந்துகொள்ளுமுன் பச்சை மிளகாயையும் பழுத்த மிளகாயையும் கலந்து வைத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் கண் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். பெஞ்சின்மேல் நிறுத்த வேண்டாம்.