ஸ்டீலா, அலுமினியமா? தினமும் ஓட்டும் சைக்கிளுக்கு எந்த ஃபிரேம்?

சாதாரண சைக்கிளில் இறக்கம் வந்தால் மிதிப்பதை நிறுத்திவிட்டுக் காலுக்கு ஓய்வு கொடுக்கலாம். சக்கரம் அதுபாட்டுக்கு ஓடும். ஃபிக்ஸட் கியர் சைக்கிளில் அந்தச் சுகம் கிடையாது. அதில் ஃப்ரீவீல் இல்லை. பின்சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும், ஓட்டுபவரின் காலும் கூடவே சுற்றியாக வேண்டும். வேகத்தைக் குறைக்க, சுற்றி வரும் பெடலை எதிர்த்துக் காலால் அழுத்த வேண்டும்.

வட்டமான பந்தயத் தளங்களில் ஓடிய இந்த வகை வண்டியை நியூயார்க், லண்டன் போன்ற நகரங்களின் கூரியர் ஊழியர்கள் தெருவில் பிரபலமாக்கினார்கள். கியர் மாற்றும் சாதனங்கள் இல்லாததால் ரிப்பேர் குறைவு. அதனால் ஆபீஸ் போகிறவர்களும் இதை விரும்பத் தொடங்கினார்கள். வாங்கப் போகும்போது அவர்களைக் குழப்பும் கேள்வி ஒன்று உண்டு. ஸ்டீல் ஃபிரேமா, அலுமினிய ஃபிரேமா?

கடையில் பெரும்பாலானோர் செய்வது, இரண்டையும் ஒரு கையால் தூக்கிப் பார்ப்பது. எது லேசோ அது நல்லது என்று முடிவு செய்துவிடுவார்கள். தினமும் ஓட்டப்போகும் வண்டிக்கு இந்தச் சோதனை போதாது.

அரை கிலோ கணக்கு

நல்ல குரோமோலி ஸ்டீல் ஃபிரேம் சுமார் 2 கிலோ இருக்கும். அதே அளவு அலுமினிய ஃபிரேம் சுமார் ஒன்றரை கிலோ. வித்தியாசம் அரை கிலோ. ஓட்டுபவர் 70 கிலோ, முழு வண்டி 9 கிலோ, முதுகுப் பை 3 கிலோ என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 82 கிலோ. இதில் அரை கிலோ என்பது ஒரு சதவிகிதம்கூட இல்லை. பையில் இருக்கும் தண்ணீர் பாட்டிலும் சாப்பாட்டு டப்பாவும் அதைவிடக் கனம்.

வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறுகிறவருக்கு மட்டும் இந்த அரை கிலோ தினமும் தெரியும்.

அலுமினியக் குழாய் ஏன் தடிமன்?

ஒரே அளவு அலுமினியமும் ஸ்டீலும் எடுத்தால், அலுமினியம் எடையில் மூன்றில் ஒரு பங்குதான். விறைப்பும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஸ்டீல் குழாயின் அளவிலேயே அலுமினியத்தில் ஃபிரேம் செய்தால் வண்டி வளைந்து கொடுக்கும். அதனால்தான் அலுமினிய ஃபிரேமின் குழாய்களை அதிக விட்டத்தில் செய்கிறார்கள். குழாயின் விட்டம் கூடக்கூட விறைப்பு மளமளவென்று ஏறும்.

'அலுமினிய வண்டி முதுகை வாங்கும், ஸ்டீல் வண்டி மெத்தை மாதிரி போகும்' என்று ஒரு பேச்சு உண்டு. முக்கோணங்களாகக் கட்டப்பட்ட ஃபிரேம், எந்த உலோகமானாலும் மேலும் கீழுமாக மிகக் கொஞ்சம்தான் அமுங்கும். குண்டு குழிகளை வாங்கிக்கொள்வது டயரும் அதிலுள்ள காற்றும்தான். 23 மில்லிமீட்டர் டயரைக் கழற்றிவிட்டு 28 அல்லது 32 மில்லிமீட்டர் டயர் போட்டால் முதுகுக்கு உடனே வித்தியாசம் தெரியும். எனவே ஃபிரேம் வாங்கும்போது அதில் அகலமான டயரும் மட்கார்டும் நுழைய இடம் இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம்.

லட்சக்கணக்கான மிதிகள்

உலோகத்துக்கும் களைப்பு உண்டு. ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிவதுபோல, சிறு சிறு அழுத்தங்கள் லட்சக்கணக்கில் சேரும்போது விரிசல் பிறக்கும்.

முன்னால் 46 பல், பின்னால் 16 பல் கொண்ட வண்டி, பெடல் ஒரு சுற்று சுற்றினால் சுமார் 6 மீட்டர் போகும். தினமும் போகவர 10 கிலோமீட்டர் என்றால் ஏறக்குறைய 1,650 சுற்றுகள். வருடத்துக்கு 250 நாள் ஆபீஸ் போனால் நாலு லட்சத்துக்கும் மேல். ஃபிக்ஸட் கியரில் மிதிக்கும்போது செயினின் மேல்பக்கம் இழுபடும், காலால் வேகம் குறைக்கும்போது கீழ்பக்கம் இழுபடும். ஆக, ஃபிரேமின் பின்பகுதி இரண்டு விதமாகவும் அழுத்தம் வாங்குகிறது.

ஸ்டீலுக்கு ஒரு நல்ல குணம். அழுத்தம் ஓர் அளவுக்குள் இருந்து, துருவும் பிடிக்காமல் இருந்தால், எத்தனை முறை அழுத்தினாலும் அது களைப்பதில்லை. அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லை இல்லை. சிறிய அழுத்தங்களும் கொஞ்சம் கொஞ்சமாக அதன் ஆயுளைத் தின்னும். இதற்காக அலுமினியத்தை ஆபத்து என்று ஒதுக்க வேண்டியதில்லை. அதை அறிந்தே குழாய்களைக் கூடுதல் பலத்தோடு வடிவமைக்கிறார்கள். ஐ.எஸ்.ஓ. 4210 என்ற பாதுகாப்புத் தரத்தில், சாதாரண மிதியைவிட மிகக் கனமான அழுத்தத்தை ஃபிரேமுக்கு ஒரு லட்சம் முறை கொடுத்துச் சோதிக்கிறார்கள். பல வருடங்களுக்கு நன்றாகவே உழைக்கும்.

வித்தியாசம், பழுதாகும் விதத்தில் இருக்கிறது. ஸ்டீல் பெரும்பாலும் வளைந்தோ மெதுவாக விரிசல் விட்டோ முன்கூட்டிச் சொல்லும். அலுமினியத்தில் விரிசல் கண்ணில் பட்ட பிறகு கிடைக்கும் அவகாசம் குறைவு. விரிசல் தெரிந்தால் அன்றைக்கே ஓட்டுவதை நிறுத்திவிட வேண்டும்.

யார் ரிப்பேர் செய்வது?

விரிசல் விட்ட ஸ்டீல் ஃபிரேமை, வேலை தெரிந்தவர் பற்றவைத்துக் கொடுக்க முடியும். ஆனால், நல்ல குரோமோலி குழாயின் சுவர் பல இடங்களில் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. கேட் வெல்டிங் செய்கிற பட்டறையில் கொடுத்தால் ஓட்டை விழும்.

பல அலுமினிய ஃபிரேம்களைப் பற்றவைத்த பிறகு சூடுபடுத்திப் பதப்படுத்துகிறார்கள். மறுபடி பற்றவைத்தால் அந்த இடத்தின் பலம் போய்விடும். அதனால் விரிசல் விட்டால் பெரும்பாலும் ஃபிரேமையே மாற்ற வேண்டும்.

துரு விஷயத்தில் அலுமினியத்துக்கே வெற்றி. மழையிலும் கடல் காற்றிலும் நிற்கும் ஸ்டீல் ஃபிரேம் உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும். பெயின்ட் கொப்புளித்தால் அது எச்சரிக்கை. குழாய்க்குள் துருத் தடுப்பு எண்ணெய் அடித்து வைப்பதும், சீட் கம்பியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றி கிரீஸ் போடுவதும் அவசியம். ஸ்டீல் ஃபிரேமுக்குள் அலுமினிய சீட் கம்பியை கிரீஸ் இல்லாமல் விட்டுவைத்தால், இரண்டும் சேர்ந்து பிடித்துக்கொண்டு அசைய மறுக்கும்.

நட்டும் பிரேக்கும்

இந்த வண்டிகளில் செயினை இறுக்க, பின்சக்கரத்தைப் பின்னால் இழுத்து நட்டை முறுக்குவார்கள். நட்டு திரும்பத் திரும்பக் கடிப்பதால் மென்மையான அலுமினியத்தில் பள்ளம் விழும். சக்கரம் நழுவி செயின் தளர்ந்து கழன்றால், காலால் பிரேக் பிடிக்க முடியாது. கழன்ற செயின் சிக்கிச் சக்கரமே பூட்டிக்கொள்ளலாம். நட்டு உட்காரும் இடத்தில் ஸ்டீல் தகடு பதித்த அலுமினிய ஃபிரேம், அல்லது செயின் டென்ஷனர் இருப்பது பாதுகாப்பு.

இதே காரணத்தால் முன் பிரேக் கட்டாயம். பிரிட்டனில் சாலையில் ஓடும் வண்டிக்கு இரண்டு பிரேக் வேண்டும். ஃபிக்ஸட் சக்கரம் ஒன்றாகக் கணக்கில் வரும், முன் பிரேக் இன்னொன்று. ஜப்பானில் முன்னும் பின்னும் பிரேக் இல்லாமல் சாலையில் ஓட்டுவது சட்டப்படி குற்றம். அங்கே 1948 முதல் நடக்கும் கெய்ரின் பந்தயத்தில் ஆண் வீரர்கள் பிரேக் இல்லாத ஸ்டீல் வண்டிகளை ஓட்டுகிறார்கள். பழைய கெய்ரின் ஃபிரேம்களுக்கு ரசிகர்கள் அதிகம். ஆனால், அவற்றின் ஃபோர்க்கில் பிரேக் மாட்ட ஓட்டையே இருக்காது. ஆபீஸ் போக அது சரிப்படாது.

எதை எடுப்பது?

தெருவில் கம்பியோடு பூட்டிவைத்து, நாலு பேர் இடித்துவிட்டுப் போகும் இடத்தில் நிற்கும் வண்டிக்கும், பத்து வருடம் வைத்திருக்க நினைப்பவருக்கும் குரோமோலி ஸ்டீல். மாடி ஏற்றி வீட்டுக்குள் வைப்பவர், கடலோரத்தில் இருப்பவர், பராமரிக்க நேரம் இல்லாதவர் ஆகியோருக்கு அலுமினியம். ஸ்டிக்கரில் 'ஸ்டீல்' என்று மட்டும் இருந்தால், அது கனமான மலிவு ரக ஹை டென்சைல் ஸ்டீலா என்று கேட்க வேண்டும். குரோமோலிக்கு பட்ஜெட் இடம் கொடுக்காவிட்டால், அந்த மலிவு ஸ்டீலைவிட தரமான அலுமினியமே மேல்.

எதை வாங்கினாலும் மாதம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்து, ஹேண்டில்பாருக்குக் கீழே குழாய்கள் சேரும் இடம், பெடல் அச்சைச் சுற்றி, பின்சக்கர நட்டுப் பக்கம் மூன்றையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பெயின்டில் முடி போல ஒரு கோடு தெரிந்தால், அதை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு அப்புறம் ஏறி உட்காரலாம். கீறலாக இருந்தால் நகத்துக்கு அடங்கும். பெயின்டுக்குக் கீழேயும் கோடு தொடர்ந்தால், அன்றைக்கு பஸ்ஸில் போவது நல்லது.