தோழியின் திருமணத்திற்கு மகளை அனுப்ப மறுக்கும் பெற்றோரின் கவனத்திற்கு!

முகூர்த்த நாட்கள் நெருங்கும்போது புலம்பெயர் தமிழர் இல்லங்கள் பலவற்றில் ஒரே வாக்குவாதம் ஆண்டுதோறும் எழுகின்றது. வேறொரு நாட்டில் வாழும் தோழி ஒருத்தியின் திருமண அழைப்பிதழ் வந்திருக்கும். உடன் படித்தவர்கள் நால்வர் ஐவர் சேர்ந்து செல்வதெனத் தீர்மானித்திருப்பர். விமானச் சீட்டின் விலையும் பார்த்தாயிற்று. வீட்டில் அனுமதி கேட்கும்போதோ பதில் ஒரே சொல்லில் முடிந்துவிடுகின்றது: "வேண்டாம்." ஏன் வேண்டாம் என்று கேட்டால், "நாலு சனம் என்ன சொல்லும்?" என்ற எதிர்க்கேள்வியே காரணமாகத் தரப்படுகின்றது.

எடுத்துக்காட்டாக இலண்டனில் வாழும் ஒரு குடும்பத்தைக் கருதலாம். மகளுக்கு வயது 24. மருந்தாளராகப் பணிபுரிகின்றாள். பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டுகள் ஒரே அறையில் தங்கிப் படித்த தோழிக்கு ஜேர்மனியின் ஹம் நகரிலுள்ள காமாட்சி அம்பாள் ஆலயத்தில் திருமணம். மகள் தன் சொந்த ஊதியத்தில் செல்ல விரும்புகின்றாள். தந்தை மறுக்கின்றார். "அப்பா, தம்பி போன வருசம் சிநேகிதப் பெடியளோடை ஸ்பெயினுக்குப் போனவன்தானே?" என்று மகள் கேட்கின்றாள். "அவன் ஆம்பிளைப் பிள்ளை" என்பதோடு உரையாடல் முற்றுப்பெறுகின்றது. இத்தகைய வீடுகள் இலண்டனில் மட்டுமல்ல, பாரிசிலும் சூரிச்சிலும் ஒஸ்லோவிலும் ரொறன்ரோவிலும் உள்ளன. இந்த மறுப்பு பிள்ளைகளைப் பாதுகாக்கின்றதா, அல்லது பெற்றோரின் அச்சத்தை மட்டும் பாதுகாக்கின்றதா என்பதை ஆராய்வது அவசியமாகின்றது.

ஒளிநாடாவில் திருமணம் பார்த்த தலைமுறை

இன்று மறுப்புச் சொல்லும் பெற்றோர்களில் பலர் 1983 இன் இனவன்செயலுக்குப் பின்னர் நாட்டைவிட்டு வெளியேறியவர்கள். ஒரே தாயின் பிள்ளைகளில் ஒருவர் பிரான்சிலும் மற்றவர் சுவிற்சர்லாந்திலும் இன்னொருவர் கனடாவிலுமாகச் சிதறினர். அக்காவின் திருமணம் பாரிசில் நடந்தபோது இலண்டனில் இருந்த தம்பியால் போக இயலவில்லை. புகலிட விண்ணப்பம் முடிவாகாத நிலையில் பிரித்தானியாவை விட்டு வெளியேறினால், அந்த விண்ணப்பம் மீளப்பெறப்பட்டதாகவே கருதப்படும். ஜேர்மனியில் புகலிடம் கோரியோர் தமக்கு ஒதுக்கப்பட்ட மாவட்டத்தின் எல்லையைத் தாண்டுவதற்கே அனுமதி பெறவேண்டியிருந்தது. 2015 ஆம் ஆண்டிலேதான் அந்த விதி பெரிதும் தளர்த்தப்பட்டது. சுவிற்சர்லாந்து 2008 டிசம்பரில் ஷெங்கன் எல்லையற்ற வலயத்தில் இணையும்வரை, அங்கு வதிவிட உரிமையுடன் வாழ்ந்த ஒருவர்கூட, கையில் இலங்கைக் கடவுச்சீட்டு மட்டுமே இருந்தால், அடுத்த நாடான ஜேர்மனியில் நடக்கும் திருமணத்திற்குத் தனியாக விசா பெறவேண்டியிருந்தது.

ஆகவே அந்தத் தலைமுறை உடன்பிறந்தோரின் திருமணங்களை அஞ்சலில் வந்த ஒளிநாடாக்களில் பார்த்தது. கனடாவிலிருந்து வந்த நாடா ஐரோப்பியக் கருவியில் ஓடாது. இரு கண்டங்களிலும் தொலைக்காட்சி முறை வேறு வேறு. அதனை மாற்றித் தரும் கடையைத் தேடி அலைந்து, வார இறுதியில் நண்பர் ஒருவரின் வீட்டில் அமர்ந்து, தாலி கட்டும் காட்சியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்துக் கண்ணீர் வடித்தவர்கள் எத்தனை பேர்! மணவறைக்கு அருகே நிற்கவேண்டிய இடத்தில் தாம் இல்லையே என்ற வேதனை அவர்களுக்குத் தெரியும். அரசுகளின் சட்டங்கள் அவர்களைத் தடுத்தன. இன்று பிள்ளையின் கையில் முழு உரிமையுள்ள கடவுச்சீட்டு இருக்கின்றது. எந்த அரசும் தடுக்கவில்லை. தடுப்பவர்கள் அன்று தடுக்கப்பட்டவர்களே என்பது வேதனைக்குரியது.

மகனுக்கு ஒரு நீதி, மகளுக்கு ஒரு நீதி

வெளிநாட்டுப் பயணம் ஆபத்தானது என்றால் அது மகனுக்கும் ஆபத்தானதே. மகன் எங்கு தங்குகின்றான், யாருடன் போகின்றான், எப்போது திரும்புகின்றான் என்ற வினாக்கள் கேட்கப்படாத வீட்டில், மகளிடம் மட்டும் அவை கேட்கப்படுமாயின், அங்கு பேசப்படுவது பாதுகாப்பு அன்று, பேசப்படுவது "பெயர்". நாளை மகளுக்குத் திருமணம் பேசும்போது, அவள் தோழர்களோடு ஊர் சுற்றியவள் என்று யாரேனும் சொல்லிவிடுவார்களோ என்பதே உண்மையான அச்சம்.

இந்த அச்சத்தின் முரண்பாட்டையும் காணத் தவறலாகாது. பிள்ளைகளுக்கு வரன் தேடும் பெற்றோர் செல்லும் முதலிடமே திருமண மண்டபங்கள்தான். யாருடைய மகள், என்ன படித்தவள், சாதகம் தருவீர்களா என்ற விசாரிப்புகள் பந்தியிலேயே தொடங்கிவிடுகின்றன. பெற்றோரின் கைப்பிடிக்குள் நின்று அதே மண்டபத்திற்கு வந்தால் அவள் நல்ல பிள்ளை. தோழியை வாழ்த்தத் தன் சொந்தப் பணத்தில் வந்தால் கெட்ட பிள்ளையா? ஊர் வாய்க்கு அஞ்சி எடுக்கும் முடிவை ஒழுக்கம் என்ற பெயரால் அழைப்பது பிள்ளைகளை ஏமாற்றாது. அவர்கள் இந்த வேறுபாட்டைப் பத்து வயதிலேயே கண்டுகொள்கின்றனர்.

தடை பாதுகாப்பைத் தருவதில்லை

மறுக்கப்பட்ட பிள்ளை வீட்டிலேயே இருந்துவிடும் என்று எண்ணுவது பெரும் தவறு. சிலர் இருந்துவிடுவர், அந்தக் கசப்பை நெடுங்காலம் சுமப்பர். வேறு சிலர் பணியிடப் பயிற்சி என்றோ, வேறு நகரில் நேர்முகத் தேர்வு என்றோ பொய் கூறிவிட்டுச் செல்வர். அவ்வாறு சென்ற பிள்ளைக்குக் கடவுச்சீட்டுத் தொலைந்துபோனால், நோய் வந்தால், விபத்து நேர்ந்தால், யாரை அழைப்பாள்? முதலில் அழைக்கவேண்டிய தாய்க்கும் தந்தைக்கும் அவள் எந்த நாட்டில் இருக்கின்றாள் என்பதே தெரியாது. பெற்றோரின் அறிவோடு செல்லும் மகளைவிட, அவர்களுக்குத் தெரியாமல் செல்லும் மகளே மிகுந்த ஆபத்தில் இருக்கின்றாள். தடை விதித்த வீடுதான் அந்த ஆபத்தை உருவாக்குகின்றது.

உண்மையான ஆபத்துகள் உண்டு. அவை பெற்றோர் அஞ்சும் இடத்தில் இல்லை. வரவேற்பு விருந்து முடிய நள்ளிரவு தாண்டிவிடும். இரண்டு நாட்கள் சரியாக உறங்காத ஓர் இளைஞர் வாடகைக் காரைச் செலுத்துவார். இடப்புறம் ஓட்டிப் பழகியவருக்கு ஐரோப்பாவின் வலப்புறச் சாலை புதியது. சிலர் மதுவும் அருந்தியிருப்பர். ஊர் என்ன சொல்லும் என்று மூன்று வாரங்கள் சண்டையிடும் வீடுகளில், "இரவு மண்டபத்திலிருந்து விடுதிக்கு யார் கார் ஓட்டுவது?" என்ற ஒரு கேள்வி கேட்கப்படுவதில்லை.

கேட்கவேண்டிய கேள்விகள்

மறுப்பதற்குச் செலவிடும் நேரத்தைப் பெற்றோர் ஆயத்தத்திற்குச் செலவிட்டால் பயன் விளையும். முதலாவது, ஆவணங்கள். பிரித்தானியக் கடவுச்சீட்டுடன் ஷெங்கன் நாடுகளுக்குள் நுழைவோரின் கடவுச்சீட்டு, நுழையும் நாளில் வழங்கப்பட்டு 10 ஆண்டுகள் ஆகாததாகவும், திரும்பும் நாளுக்குப் பின்னர் குறைந்தது 3 மாதங்கள் செல்லுபடியாவதாகவும் இருக்கவேண்டும். 2025 அக்டோபர் 12 முதல் அந்நாடுகளின் எல்லைகளில் கைவிரல் அடையாளமும் முகப்படமும் பதியும் முறை படிப்படியாக நடைமுறைப்படுத்தப்பட்டது. வரிசையில் நிற்க மேலதிக நேரம் ஒதுக்கவேண்டும். எதிர்த்திசையில், ஜேர்மன், பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற பிள்ளைகள் தேசிய அடையாள அட்டையை மட்டும் வைத்துக்கொண்டு பிரித்தானியா செல்லும் வழக்கம் 2021 அக்டோபருடன் பெரும்பாலும் முடிவுக்கு வந்தது. இப்போது கடவுச்சீட்டு வேண்டும். 2025 ஏப்ரல் 2 முதல் மின்னணுப் பயண அனுமதியும் வேண்டும். விமானத்தில் கனடா செல்லும் ஐரோப்பியக் குடிமக்களுக்கும் அத்தகைய அனுமதி தேவை.

இரண்டாவது, குழுவில் உள்ள அனைவரின் நிலை. ஐவரில் ஒருவர் அண்மையில் மாணவராக வந்து இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவராக இருக்கலாம். அவருக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்திற்கு 6 மாதங்கள் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாட்களுக்கும் குறைவாக இருக்கையில் விண்ணப்பிப்பது விதிக்கு அமையாது. மற்றவர்கள் சீட்டு எடுத்து முடித்த பின்னர் அவரை நினைவுகூர்வது தோழமை ஆகாது. ஏதிலிப் பயண ஆவணம் வைத்திருப்பவர் செல்லும் நாட்டின் விதியைத் தனியாக அறியவேண்டும்.

மூன்றாவது, பொதிகள். பிரித்தானியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்திற்குள் இறைச்சி கொண்டுசெல்ல முடியாது. அம்மா ஆசையோடு பொதி செய்து கொடுத்த ஆட்டிறைச்சி ரோல்ஸ் சுங்கத்தில் பறிபோகும். விமானத்தில் வருவோரின் அன்பளிப்புப் பொருட்கள் 430 யூரோ பெறுமதியைத் தாண்டினால் வரி உண்டு. 10,000 யூரோவோ அதற்கு மேலோ ரொக்கமாக எடுத்துச் சென்றால் அறிவிக்கவேண்டும். நான்காவது, தங்குமிடத்தின் முகவரியும் உடன் செல்வோர் இருவரின் தொலைபேசி இலக்கங்களும் வீட்டில் எழுதிவைக்கப்படவேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் எங்கும் அவசர உதவிக்கு 112 என்ற இலக்கத்தை அழைக்கலாம் என்பதையும் பிள்ளை அறிந்திருக்கவேண்டும். இவற்றைப் பிள்ளையோடு அமர்ந்து பேசும் தந்தை, மறுப்பதால் கிடைக்காத ஒன்றைப் பெறுகின்றார்: மகள் எங்கே, யாரோடு இருக்கின்றாள் என்ற நிச்சயம்.

இளையோரும் சிந்திக்கவேண்டும்

குற்றம் பெற்றோரிடம் மட்டுமன்று. தோழியின் திருமணம் என்று அனுமதி பெற்றுச் செல்லும் இளையோரில் ஒரு பகுதியினர் அத்திருமணத்தைச் சுற்றுலாவின் இடைத்தரிப்பாக ஆக்கிவிடுகின்றனர். முகூர்த்தம் காலையில், அவர்கள் வந்து சேர்வதோ மதிய உணவிற்கு. முந்திய இரவுக் களியாட்டத்தின் உறக்கம் கண்ணிலிருந்து நீங்கியிராது. ஒரே நிறத்தில் ஆடை தைத்துப் படம் எடுப்பதில் காட்டும் அக்கறை, மணமகளின் பாட்டியிடம் இரண்டு சொற்கள் பேசுவதில் இருப்பதில்லை. இவ்வாறு நடந்துகொள்வோர் அடுத்த வீட்டுப் பெண்ணின் அனுமதியையும் சேர்த்தே கெடுக்கின்றனர்.

யாழ்ப்பாணத்து வழக்கில் மணமகளின் சகோதரன் மாப்பிள்ளைத் தோழனாக நின்று மணமகனை வரவேற்பான். மணப்பெண்ணுக்கும் தோழி உண்டு. குடும்பங்கள் பல நாடுகளில் சிதறியபின், அந்த இடத்தில் நிற்கவேண்டிய உடன்பிறப்போ ஒன்றுவிட்ட சகோதரியோ இல்லாத மணவறைகள் பல. அந்த வெற்றிடத்தை நிரப்புபவர்கள் இன்று நண்பர்களே. ஆகவே தோழியாகச் செல்பவள் விருந்தாளி அல்லள், வீட்டாள். முதல்நாளே சென்று மண்டபத்தில் கதிரை அடுக்கவும், தட்டங்களை ஒழுங்குபடுத்தவும், கூறைச்சேலை மாற்றும்போது உடனிருக்கவும், அறுகரிசி போடும் முதியோரைக் கைபிடித்து மணவறைக்கு அழைத்துவரவும் அவள் கடமைப்பட்டவள்.

அம்மண்டபத்தில் ஒஸ்லோவிலிருந்து வந்த மாமியும் பாரிசிலிருந்து வந்த பெரியப்பாவும் இருப்பர். அவர்களுக்கு நோர்வேஜிய மொழியும் பிரெஞ்சும் தெரியும். இலண்டன் பிள்ளைக்கு ஆங்கிலம் தெரியும். இருவருக்கும் பொதுவான மொழி தமிழ் ஒன்றே. சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் பரீட்சைக்காகக் கற்ற மொழி, வேறொரு நாட்டு மண்டபத்தில்தான் முதன்முறையாக அதற்குப் பயன்படுகின்றது. தமிழ் அழிகின்றது என்று மேடைதோறும் வருந்தும் பெற்றோர், தமிழ் தேவைப்படும் இடத்திற்குச் செல்லக் கேட்கும் பிள்ளையைத் தடுப்பது எவ்வகையில் நியாயம்?

முடிவாக

18 வயதைத் தாண்டிய பிள்ளையைச் சட்டப்படி எந்தப் பெற்றோராலும் தடுக்க இயலாது. பிள்ளை இன்னும் அனுமதி கேட்கின்றது என்றால், அது அச்சத்தால் அன்று, மதிப்பினால். அந்த மதிப்பு ஒவ்வொரு மறுப்பிலும் குறைந்துகொண்டே போகும். கேட்பதை நிறுத்திவிட்ட பிள்ளையை மீண்டும் கேட்கவைக்க எந்தத் தந்தையாலும் முடியாது.

ஹம் நகர்த் திருமணத்திற்குச் செல்ல விரும்பிய அந்த மகளின் தந்தை, பாரிசில் நடந்த தன் அக்காவின் திருமண ஒளிநாடாவை இன்றும் அலுமாரியில் வைத்திருக்கும் தலைமுறையைச் சேர்ந்தவர். அதனை ஓடவிடும் கருவிகூட இப்போது வீட்டில் இல்லை. அந்த நாடாவில் தான் இல்லாதது ஏன் என்பதை அவர் மகளிடம் சொல்லட்டும். சொல்லிவிட்டு, விமானநிலையம்வரை தானே அழைத்துச் சென்று வழியனுப்பட்டும். தோழியின் மணவறைக்கு அருகே அவள் நிற்கட்டும்!