'போகும்போது' வேற, 'போனால்' வேற

கார்டு விளையாட்டில் விதியைப் பிடிச்சுத் தொங்குறவனை நம்ம செட்டில் யாருக்கும் பிடிக்காது. "விளையாடத்தானே வந்தோம், ஏன்டா லோயர் மாதிரி பேசுற?" என்பார்கள். எனக்கு அந்த லோயர்மாரைத்தான் பிடிக்கும். ஏன் என்று சொல்கிறேன்.

யூ-கி-ஓ ஆடுகிறவர்களுக்கு பெட்டென் என்ற கோமாளி கார்டைத் தெரியும். அது கிரேவ்யார்டுக்குப் போகும்போது, நாம் விரும்பினால் அதை ஆட்டத்திலிருந்து நீக்கிவிட்டு இன்னொரு பெட்டெனை இறக்கலாம். சரி, பெட்டெனைப் பலி கொடுத்து ஒரு பெரிய மான்ஸ்டரை இறக்கினால்? பெட்டென் கிரேவ்யார்டுக்குப் போயாச்சு, ஆனா இன்னொன்று வராது. ஏனென்றால் கார்டில் இருப்பது 'வென்', கூடவே 'யூ கேன்'. இரண்டும் சேர்ந்து வந்தால், கடைசியாக நடந்த விஷயம் அதுவாகவே இருக்கணும். இங்கே கடைசியாக நடந்தது பெரிய மான்ஸ்டர் இறங்கியது. டைமிங் போச்சு. அதே மாதிரி சங்கனைப் பலி கொடுங்கள், அதன் பலன் கிடைக்கும். அதில் 'இஃப்' என்று இருக்கிறது. 'விரும்பினால்' என்ற பேச்சே இல்லை.

"ரெண்டும் ஒண்ணுதானே" என்று கத்துகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். "மழை வந்தா வேலை நிப்பாட்டிருவாங்க" என்கிறோம். அது மழை வரும்போதா, வந்தாலா? நம்ம பேச்சில் ஒரே 'வந்தா' ரெண்டு வேலையும் பார்க்கிறது. எழுத்துத் தமிழில் ரெண்டுக்கும் தனித்தனி உருவம் இருக்கு. ஆகவே தமிழில் விளக்க முடியாது என்பது சுத்தப் பொய். விளக்க யாரும் மெனக்கெடவில்லை, அவ்வளவுதான். கார்டு எதுவும் தமிழில் அச்சாவதில்லை. அதனால் இறக்குவானையானாலும் எட்டியாந்தோட்டையானாலும், கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்த அண்ணன் சொல்வதே தீர்ப்பு. அவர் கார்டை வாசித்தாரா என்று கூட யாரும் கேட்பதில்லை.

மேஜிக் விளையாட்டில் ஒரு விதி உண்டு. ஒரு கார்டு 'செய்யலாம்' என்று சொல்லி இன்னொன்று 'செய்ய முடியாது' என்று சொன்னால், 'முடியாது' தான் ஜெயிக்கும். யாருக்கு வயசு கூட, யாருக்குக் குரல் கூட என்பதற்கு அங்கே இடமே இல்லை.

"இப்ப மாஸ்டர் டூயல் இருக்கே, போனே தீர்ப்பு சொல்லுதே" என்பது அடுத்த வாதம். 2022-இல் வந்த அந்த ஆப் இலவசம், நல்லதுதான். ஆனால் டைமிங் தவறினால் அது பட்டனைக் காட்டாது, காரணத்தை உட்கார்ந்து விளக்காது. நாம் 'பக்' என்று திட்டிவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போகிறோம். காரணம் கேட்காமல் தீர்ப்பை ஏற்கிற பழக்கம் இப்படித்தான் ஊறுகிறது.

அந்தப் பழக்கத்துக்கு நம்ம ஆட்கள் விலை கொடுத்திருக்கிறார்கள். 2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளிக்கு நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. அடிப்படை 900, கொடுப்பனவு 100. எல்லாரும் பார்த்தது 1000 என்ற எண்ணை. சண்டை வந்தது 'நாள்' என்ற சொல்லில். எத்தனை கிலோ கொழுந்து எடுத்தால் அது ஒரு நாள்? பல தோட்டங்களில் கிலோவைக் கூட்டினார்கள், எடுக்க முடியாதவர்களுக்கு அரைப்பேர் போட்டார்கள். எண் ஏறியது, சொல்லின் அர்த்தம் மாறியது.

கார்டு ஆடினால் சம்பளம் கூடும் என்று நான் சொல்லவில்லை. ஒரு சொல்லுக்காக அரை மணி நேரம் மல்லுக்கட்டுகிறவனைப் பார்த்துச் சிரிக்காதீர்கள் என்கிறேன். அடுத்த முறை சண்டை வந்தால், கார்டைச் சத்தமாக வாசியுங்கள். தமிழில் சொல்லிப் பாருங்கள், 'போகும்போது'வா 'போனால்'ஆ என்று. அதற்குப் பிறகு அண்ணன் பேசட்டும்.