நிலம் பிடிக்கும் ஆட்டம்: ஜெயிப்பது எப்படி?

கம்ப்யூட்டரில் ஓர் ஆட்டம். அதில் நிலம் பிடிக்க வேண்டும். பிடித்த நிலத்தைக் காக்க வேண்டும். அடுத்தவர் நிலத்தைப் பறிக்க வேண்டும்.

பிள்ளைகள் ஆடுகிறார்கள். பெரியவர்களும் ஆடுகிறார்கள். "ஆடினால் காசு வரும்" என்று சிலர் சொல்லுகிறார்கள். அந்தக் காசுக்கு "கிரிப்டோ நாணயம்" என்று பெயர்.

"இதில் ஜெயிக்க என்ன தந்திரம்?" என்று கேட்பவர்கள் உண்டு.

தந்திரம் இருக்கிறது. சொல்லுகிறேன். ஆனால், ஆட்டத்தில் ஜெயிப்பது வேறு. காசில் ஜெயிப்பது வேறு. இரண்டும் ஒன்று என்று நினைத்தவர்கள் மோசம் போனார்கள். அந்தக் கதையையும் சொல்லுகிறேன்.

ஊரே பார்க்கும் கணக்கு

கிரிப்டோ நாணயம் என்பது கையில் பிடிக்கும் காசு அல்ல. அது ஒரு கணக்கு. யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று எழுதி வைத்த கணக்கு.

அந்தக் கணக்கு ஒரு பாங்கியில் மட்டும் இல்லை. பல நாடுகளில், பல கம்ப்யூட்டர்களில் அதன் நகல் இருக்கிறது. ஒருவர் திருட்டுத்தனமாக ஒரு வரியை மாற்றினால், மற்ற நகல்கள் காட்டிக்கொடுத்துவிடும். இந்த ஏற்பாட்டுக்கு "பிளாக்செயின்" என்று பெயர். பிட்காயின், ஈதர் ஆகிய நாணயங்கள் இப்படித்தான் நடக்கின்றன.

காசுக் கணக்கை எழுதும் இடத்தில் நிலக் கணக்கையும் எழுதலாம் அல்லவா? "இந்தக் கட்டம் இன்னாருக்குச் சொந்தம்" என்று எழுதினால், ஆட்டத்தில் அதுதான் பட்டா!

இருட்டில் ஒரு போர்

"டார்க் பாரஸ்ட்" என்று ஓர் ஆட்டம். "இருண்ட காடு" என்று பொருள். 2020-ம் ஆண்டில் வந்தது. இதில் பிடிக்க வேண்டியது வயல் அல்ல, கிரகம்!

தொடக்கத்தில் ஆளுக்கு ஒரு கிரகம் கிடைக்கும். சுற்றிலும் ஒரே இருட்டு. எதிரி எங்கே இருக்கிறான் என்று தெரியாது. உங்கள் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுப் போட்டுத்தான் இருட்டை விலக்க வேண்டும்.

கணக்கு ஊருக்கே தெரியும் என்றால், இடத்தை ஒளிப்பது எப்படி? அதற்கு ஒரு கணித வித்தை உண்டு. "நான் விதிப்படிதான் நகர்ந்தேன்" என்று நிரூபிக்கலாம். ஆனால் எங்கே இருக்கிறேன் என்று சொல்ல வேண்டியதில்லை. பூட்டைத் திறந்து காட்டலாம். சாவியைக் காட்ட வேண்டாம். அது போலத்தான்.

இந்த ஆட்டத்தில் நான்கு தந்திரங்கள் முக்கியம்.

ஒன்று: முடங்கிக் கிடக்காதே. கிரகத்தின் சக்தி முதலில் மெதுவாக வளரும். பாதி நிரம்பும்போது வெகு வேகமாக வளரும். முழுதும் நிரம்பினால் வளர்ச்சி நின்றுவிடும். ஆகவே, நிரம்பும் வரை காத்திருப்பவன் ஏமாளி. பாதிக்கு மேல் போனதும் மிச்சத்தை அனுப்பிவிட வேண்டும்.

இரண்டு: பக்கத்து இடத்தை முதலில் பிடி. தூரம் கூடக் கூட, அனுப்பும் சக்தி வழியிலேயே கரைந்துபோகும். தொலைவில் உள்ள பெரிய கிரகத்துக்கு ஆசைப்பட்டால், போய்ச் சேருவது சொற்பம்.

மூன்று: வெள்ளி கிடைக்கும் இடங்களை விடாதே. கிரகங்களை மேம்படுத்த வெள்ளி வேண்டும். அது இல்லாதவன் எத்தனை கிரகம் பிடித்தாலும் பிறகு பறிகொடுப்பான்.

நான்கு: ஒளிந்திருப்பதும் ஒரு பலம். நீங்கள் இருக்கும் பகுதியை அலசிய எதிரிக்குத்தான் உங்கள் நடமாட்டம் புரியும். தெரியாத இடத்தை அவன் தாக்க முடியாது.

இவை நல்ல தந்திரங்கள். மூளைக்கு வேலை. தோற்றால் போவது கிரகம்தான். வீடு போகாது.

காசு புகுந்த கதை

இன்னோர் ஆட்டம் "ஆக்ஸி இன்பினிட்டி". வியட்நாமில் உள்ள ஸ்கை மேவிஸ் என்ற கம்பெனி நடத்துகிறது. ஆக்ஸி என்பது குட்டிப் பிராணி. மூன்று பிராணிகளை வைத்துச் சண்டை போட வேண்டும். "லுனாசியா" என்ற நாட்டில் நிலமும் விற்றார்கள்.

அப்போது ஜெயித்தால் "எஸ்.எல்.பி." என்ற நாணயம் கிடைத்தது. அதை விற்றால் நிஜப் பணம்!

2020, 2021-ம் ஆண்டுகளில் கொரோனா. வேலை இல்லை. வெளியே போக முடியாது. பிலிப்பைன்ஸ் நாட்டில் கபனாதுவான் நகரத்தில் சிலர் இந்த ஆட்டம் ஆடிச் செலவைச் சமாளித்தார்கள். செய்தி பரவியது. ஏராளமானவர்கள் ஓடி வந்தார்கள். பிராணி வாங்கப் பணம் இல்லாதவர்கள், பணக்காரர்களின் பிராணிகளை வாரத்துக்கு எடுத்து ஆடினார்கள். வருவதில் பங்கு கொடுத்தார்கள்.

அந்தக் குடும்பங்கள் சம்பாதித்தது பொய் அல்ல. சிலருக்கு அது நிஜமாகவே சோறு போட்டது. அதை மறுக்க முடியாது.

ஆனால், அந்தப் பணம் எங்கிருந்து வந்தது?

எஸ்.எல்.பி. நாணயத்தின் முக்கிய உபயோகம் ஒன்றுதான். அதைக் கொடுத்துப் புதிய பிராணிகளைப் பிறக்க வைக்கலாம். அந்தப் புதிய பிராணிகளை யார் வாங்குவார்கள்? ஆட்டத்துக்குப் புதிதாக வருபவர்கள்! புதியவர் கொண்டுவரும் பணம்தான் பழையவருக்கு வருமானம். புதியவர் வரத்துக் குறைந்தால்?

2021-ல் உச்சத்தில் ஓர் எஸ்.எல்.பி. 35 சென்டுக்கு மேல் விற்றது. 2022-ம் ஆண்டின் நடுவில் ஒரு சென்டுக்கும் கீழே போய்விட்டது. அதே ஆட்டம். அதே உழைப்பு. கூலி மட்டும் கரைந்துவிட்டது. பல நூறு டாலர் கொடுத்துக் கடைசியில் வந்தவர்கள், போட்டதைக்கூட எடுக்க முடியவில்லை.

எந்தத் தந்திரம் இவர்களைக் காப்பாற்றும்? நன்றாக ஆடியவருக்கும் இதே கதிதான்.

ஒன்பது சாவி

அதோடு முடியவில்லை. இந்த ஆட்டத்தின் பணம் "ரோனின்" என்ற பாலத்தின் வழியாகப் போய் வந்தது. அந்தப் பெட்டிக்கு 9 சாவிகள். 5 சாவி சேர்ந்தால் திறக்கும். திருடர்கள் 5 சாவிகளைக் கைப்பற்றினார்கள்!

2022 மார்ச் 23-ந் தேதி 1,73,600 ஈதரும், 2 கோடியே 55 லட்சம் டாலர் நாணயமும் பறிபோயின. மொத்த மதிப்பு 60 கோடி டாலருக்கும் மேல். கம்பெனிக்கு இது தெரிந்ததே 29-ந் தேதிதான். வடகொரியாவைச் சேர்ந்த லாசரஸ் என்ற கூட்டத்தின் வேலை இது என்று அமெரிக்க எப்.பி.ஐ. அறிவித்தது. கம்பெனி வெளியில் பணம் திரட்டி, ஜூன் மாதம் பாலத்தை மறுபடி திறந்தது.

இந்த மட்டும் நல்ல காலம். எல்லாக் கம்பெனிகளும் திருப்பித் தரும் என்று நம்பலாமா?

வானத்தில் மனை

2021 நவம்பரில் லுனாசியாவில் ஒரு மனை 550 ஈதருக்கு விலை போயிற்று. அப்போது அது சுமார் 25 லட்சம் டாலர்! அதே மாதம் "டிசென்ட்ராலாண்ட்" என்ற இன்னொரு கம்ப்யூட்டர் நாட்டில் ஒரு நிலம் 24 லட்சம் டாலருக்குப் போயிற்று.

"நிலம் கொஞ்சம்தான் இருக்கிறது. அதனால் விலை ஏறும்" என்றார்கள். "சாண்ட்பாக்ஸ்" என்ற ஆட்டத்தில் மொத்தம் 1,66,464 மனைகள்தான். உண்மைதான். ஆனால் அடுத்த கம்பெனி அடுத்த நாட்டை உண்டாக்க என்ன தடை? பூமியில் நிலம் வளராது. கம்ப்யூட்டரில் வளரும்! அங்கே விளைச்சலும் இல்லை; குடியிருக்கவும் முடியாது. வாங்க ஆள் இருக்கும் வரைதான் விலை.

குடும்பத்துக்கு என் யோசனை

இந்த ஆட்டங்களே கூடாது என்று நான் சொல்லவில்லை. மூளையைத் தீட்டும் ஆட்டம் நல்லது. ஆனால் ஆடும் முன்பு இவற்றை நினைவில் வையுங்கள்.

காசு போடாமல் ஆட முடிந்தால் ஆடுங்கள். போட்டே ஆக வேண்டும் என்றால், அது சினிமாவுக்குச் செலவழித்த காசு மாதிரி. திரும்பி வராது என்று நினைத்தே போடுங்கள்.

கடன் வாங்கி ஆடாதீர்கள். நகையை அடகு வைக்காதீர்கள்.

கணக்கைத் திறக்க 12 அல்லது 24 ரகசியச் சொற்கள் இருக்கும். யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். கம்பெனி ஆள் என்று சொன்னாலும் சொல்லாதீர்கள். கேட்பவன் திருடன்!

வரியை மறக்காதீர்கள். இந்தியாவில் 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு நூற்றுக்கு 30 வரி என்று சட்டம் வந்தது. ஒரு நாணயத்தில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. ஒன்றில் 10,000 ரூபாய் லாபம், இன்னொன்றில் 10,000 ரூபாய் நஷ்டம் என்று வையுங்கள். கையில் மிச்சம் ஒன்றுமில்லை. வரி மட்டும் 3,000 ரூபாய்!

கடைசியாக ஒன்று. "ஆடினால் காசு" என்று யாராவது சொன்னால், "அந்தக் காசை யார் கொடுக்கிறார்கள்?" என்று கேளுங்கள். பதில் தெளிவாக வரவில்லை என்றால், கொடுக்கப் போகிறவர் நீங்கள்தான்.

உங்கள் பையன் ஆடிக்கொண்டிருந்தால், அவனைத் திட்ட வேண்டாம். பக்கத்தில் உட்காருங்கள். "தம்பி, இதை எனக்கும் சொல்லிக் கொடு" என்று கேளுங்கள். எத்தனை கிரகம் பிடித்தான் என்று கேளுங்கள். எவ்வளவு காசு போட்டான் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.